ஆன்டீட்டம்: ஆற்றங்கரைப் பாதை சொல்லும் போர்க்கதை

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஷார்ப்ஸ்பர்க் என்ற சிற்றூரை ஒட்டி ஆன்டீட்டம் என்னும் சிற்றாறு ஓடுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 செப்டம்பர் 17 அன்று, விடிந்ததிலிருந்து அந்தி சாயும்வரை அதன் கரைகளில் நடந்த போரில், கொல்லப்பட்டவர்களும் காயம்பட்டவர்களும் காணாமற்போனவர்களுமாகச் சேர்த்தால் ஏறத்தாழ 23,000 பேர். அமெரிக்க மண்ணில் நடந்த போர்களில் ஒரே நாளில் இவ்வளவு ரத்தம் சிந்திய நாள் வேறில்லை. இன்று அந்த நிலம் தேசியப் போர்க்களப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. சோளக்கொல்லையும் கல்பாலமும் சிறு தேவாலயமும் பார்த்துவிட்டுப் பெரும்பாலான பயணிகள் காரில் திரும்பிவிடுகிறார்கள்.

அந்தக் கல்பாலத்தின் அருகிலிருந்து தெற்கே ஒரு நடைபாதை இறங்குகிறது. ஸ்னேவ்லி துறைப் பாதை என்பது அதன் பெயர். மேற்குக் கரையோடு, மரநிழலில், நீரோட்டத்தின் போக்கிலேயே சென்று, ஆற்றை நடந்து கடக்கக்கூடிய பழைய துறையை அடைந்து, பிறகு மேட்டில் ஏறி வயல்வெளி வழியாகத் திரும்புகிறது. நிதானமாக நடந்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். போர்க்களத்தின் பாதைகளிலேயே எளிதானது, நிழல் மிகுந்தது என்பதால் உள்ளூர் மக்கள் காலை நடைக்கு வரும் வழி இது. ஆனால் ஆன்டீட்டம் போரைப் பற்றி நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டுவரும் ஒரு கேள்விக்கு, நூலகத்தைவிட இந்தப் பாதையே தெளிவாக விடை தருகிறது என்பது என் கருத்து.

கேள்வி இதுதான். இடுப்பளவு நீர் ஓடும் ஒரு சிற்றாற்றைக் கடக்க, 12,000 வீரர்களைக் கொண்ட ஒரு படையணி ஏன் ஒரே ஒரு குறுகலான பாலத்தை நம்பி மூன்று மணி நேரம் மடிந்துகொண்டிருந்தது?

ஆற்றுக்குப் பின்னால் ஒரு படை

போருக்கு இரண்டு வாரங்களுக்கு முன் தென்மாநிலக் கூட்டமைப்பின் தளபதி ராபர்ட் லீ, பொட்டோமாக் ஆற்றைக் கடந்து வடக்கே நுழைந்தார். தன் படையைப் பல கூறுகளாகப் பிரித்து அனுப்ப அவர் பிறப்பித்த 191ஆம் எண் சிறப்பு ஆணையின் படி ஒன்று, செப்டம்பர் 13 அன்று ஃபிரெடரிக் நகருக்கு அருகே ஒரு வயலில் வடக்கு வீரர்களின் கையில் அகப்பட்டது. சுருட்டுகளைச் சுற்றி வைத்திருந்த தாள் அது. எதிரியின் திட்டம் முழுவதும் வடக்குத் தளபதி ஜார்ஜ் மெக்கெல்லனின் மேசைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அவர் மெதுவாகவே நகர்ந்தார். அந்த இடைவெளியில் லீ ஷார்ப்ஸ்பர்க் மேட்டில் தன் படையைத் திரட்டினார். முன்னால் ஆன்டீட்டம், முதுகுப்பக்கம் பொட்டோமாக். தோற்றால் தப்பிக்க ஷெப்பர்ட்ஸ்டவுன் அருகே பொட்டலர் துறை ஒன்றுதான் வழி. லீயிடம் இருந்த ஆட்கள் சுமார் 40,000. மெக்கெல்லனிடம் இருந்தவர்கள் ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு.

போர் மூன்று கட்டங்களாக நடந்தது. காலையில் வடக்கே மில்லர் பண்ணையின் சோளக்கொல்லையிலும் மேற்குக் காட்டிலும், நண்பகலில் நடுவே தாழ்ந்து கிடந்த ஒரு வண்டிப்பாதையிலும், பிற்பகலில் தெற்கே கல்பாலத்திலும். முதல் இரண்டு கட்டங்களிலேயே பெருந்திரளானவர்கள் மடிந்தார்கள். நம் பாதை தொடங்குவது மூன்றாவது கட்டம் நடந்த இடத்தில்.

பாலம்

அன்று அதை உள்ளூரில் ரோர்பாக் பாலம் என்றார்கள். 1836இல் கட்டப்பட்டது. சுண்ணாம்புக்கல்லால் ஆன மூன்று வளைவுகள், 125 அடி நீளம், 12 அடி அகலம். இரண்டு மாட்டுவண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டியிருக்கும். அதைப் பிடிக்கும் பொறுப்பு ஜெனரல் ஆம்ப்ரோஸ் பர்ன்சைடுக்கு வந்தது. அவர் பெயரே பிறகு பாலத்துக்கும் நிலைத்துவிட்டது.

மேற்குக் கரையில் பாலத்துக்கு நேர் மேலே சுமார் 100 அடி உயரத்துக்குச் செங்குத்தான மேடு எழுகிறது. அங்கே பழைய கல்குவாரி ஒன்றிலும், மரங்களுக்கும் பாறைகளுக்கும் பின்னாலும், 2ஆம், 20ஆம் ஜார்ஜியா ரெஜிமென்ட்களைச் சேர்ந்தவர்கள் பதுங்கியிருந்தார்கள். ஐந்நூறுக்கு மேல் போகாத அந்தச் சிறு கூட்டத்தின் மேலதிகாரி ராபர்ட் டூம்ப்ஸ். அமெரிக்க செனட் உறுப்பினராக இருந்து, தென்மாநிலக் கூட்டமைப்பின் முதல் வெளியுறவுச் செயலராகவும் ஆனவர், ஜார்ஜியாவின் பெரும் அடிமை உடைமையாளர்களில் ஒருவர்.

மேட்டின்மேல் நின்று கீழே பார்ப்பவருக்கு ஒன்று உடனே விளங்கும். கிழக்குக் கரையில் பாலத்துக்கு வரும் சாலை நேராக வருவதில்லை. ஆற்றின் ஓரமாகவே சில நூறு கஜ தூரம் ஓடிவந்து, கடைசியில் திரும்பிப் பாலத்தில் ஏறுகிறது. அந்தத் தூரம் முழுவதும் நடப்பவரின் பக்கவாட்டு உடம்பு எதிர்க்கரைத் துப்பாக்கிகளுக்குத் திறந்து கிடக்கும். மறைவதற்கு ஒரு புதர்கூட இல்லாமல் அந்தச் சாலையில் வரிசையாக ஓடிவரும்படி வீரர்களுக்கு உத்தரவிடப்பட்டது.

காலை 10 மணியளவில் முதல் தாக்குதல். 11ஆம் கனெக்டிகட் ரெஜிமென்ட்டின் கேப்டன் ஜான் கிரிஸ்வோல்ட், பாலத்தை விட்டுவிட்டு ஆற்றிலேயே இறங்கிவிட்டார். சில வீரர்கள் அவரைப் பின்தொடர்ந்தார்கள். நடு ஆற்றில் குண்டு பாய்ந்தும் தள்ளாடித் தள்ளாடி எதிர்க்கரையைத் தொட்டார். அங்கேயே விழுந்தார். அந்தக் காயமே அவர் உயிரைப் பறித்தது. ரெஜிமென்ட்டின் தலைவர் கர்னல் ஹென்றி கிங்ஸ்பரிக்கு இருபத்தைந்து வயது. அவரும் அன்று குண்டடி பட்டு மறுநாள் இறந்தார். எதிர்ப்பக்கம் அந்த மேட்டைக் காக்கும் டிவிஷனின் தளபதியாக இருந்த டேவிட் ஜோன்ஸ், கிங்ஸ்பரிக்குச் சகலை முறை. இரு வீடுகளும் மணவுறவால் பிணைந்தவை. நான்கு மாதங்களில் ஜோன்ஸும் இதயநோயால் இறந்துபோனார்.

இரண்டாவது தாக்குதலில் 2ஆம் மேரிலாந்தும் 6ஆம் நியூ ஹாம்ப்ஷயரும் அந்த ஆற்றோரச் சாலையில் ஓடின. பாலத்தை எட்டுமுன்பே சிதறின. பகல் ஒரு மணியளவில் 51ஆம் நியூயார்க், 51ஆம் பென்சில்வேனியா ரெஜிமென்ட்கள் சாலையைத் தவிர்த்து, எதிரே உள்ள குன்றிலிருந்து நேராகப் பாலத்தை நோக்கி இறங்கின. ஒழுங்குக் குறைவுக்காக நிறுத்தப்பட்டிருந்த விஸ்கி படியை, பாலத்தைப் பிடித்தால் திரும்பத் தருவதாக பிரிகேட் தலைவர் ஃபெர்ரேரோ அவர்களிடம் ஒப்புக்கொண்டது அன்றைய நிகழ்வுகளில் பலராலும் பதிவு செய்யப்பட்ட ஒன்று. அவர்கள் பாலத்தைப் பிடித்தார்கள். அதற்குள் வடக்குப் படையில் 500க்கும் மேற்பட்டோர் விழுந்துவிட்டார்கள்.

ஜார்ஜியர்கள் பின்வாங்கியதற்கு இந்தப் பாய்ச்சல் மட்டும் காரணமல்ல. தோட்டாக்கள் தீர்ந்துகொண்டிருந்தன. கீழே ஸ்னேவ்லி துறையில் எதிரிகள் ஆற்றைக் கடந்துவிட்டார்கள் என்ற செய்தியும் அதே வேளையில் வந்து சேர்ந்தது. பாலத்தைப் பற்றிய படங்களிலும் கதைகளிலும் இந்தச் செய்தி ஓரமாக ஒதுங்கிவிடுகிறது. பாதையில் நடந்தால்தான் அதன் எடை தெரியும்.

துறை

பாதை மேட்டிலிருந்து கீழே இறங்கியதும் இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் சுண்ணாம்புப் பாறைச் சரிவு. பாலத்தின் அருகே சலசலத்த நீர் இங்கே அடங்கி, பழுப்புப் பச்சையாக மெல்ல நகர்கிறது. ஆழம் பெரிதாக இல்லை. ஆனால் கரை பல இடங்களில் ஆளுயரத்துக்கும் மேலாக வெட்டிவிட்டதுபோல் நிற்கிறது. பாறைச் சரிவு சில இடங்களில் நீரை ஒட்டியே வந்துவிடுகிறது. ஓராள் தனியாகத் தொங்கியும் சறுக்கியும் இறங்கிவிடலாம். முதுகில் மூட்டை, இடுப்பில் தோட்டாப் பை, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த துப்பாக்கியுடன் ஆயிரம் பேர் அணிவகுத்து இறங்கி, நனைந்த காலோடு எதிர்க்கரையில் ஏறி, உடனே வரிசை கட்டிச் சுட வேண்டும் என்றால், அதற்கு ஏற்ற இடம் இந்தக் கரையில் அபூர்வம்.

போருக்குப் பிறகு தென்படை அதிகாரி ஒருவர், அந்த ஆற்றை எங்கே வேண்டுமானாலும் இறங்கிக் கடந்திருக்கலாமே என்று எழுதினார். அதை வைத்தே பர்ன்சைடு பல தலைமுறைகளுக்குக் கேலிக்கு ஆளானார். நீரின் ஆழத்தை மட்டும் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு பொருந்துவதாகத் தோன்றும். கரையைப் பார்த்தால் அது பாதி உண்மைதான். ஆற்றைக் கடப்பது என்பது இறங்குவதும் ஏறுவதும் சேர்ந்தது.

பர்ன்சைடின் திட்டத்திலேயே துறை இருந்தது. ஜெனரல் ஐசக் ராட்மனின் டிவிஷன், சுமார் 3,200 பேர், கீழே ஒரு துறையில் ஆற்றைக் கடந்து ஜார்ஜியர்களின் பக்கவாட்டில் பாய வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தத் துறையை முன்னதாகத் தேர்ந்தெடுத்தவர்கள் மெக்கெல்லனின் பொறியாளர்கள். காலையில் ராட்மன் அங்கே போய்ச் சேர்ந்தபோது எதிர்க்கரை செங்குத்தாக நின்றது. எதிரியின் குண்டுமழையில் அதில் ஏறுவது நடவாத காரியம். வேறு வழியின்றி ஆற்றின் வளைவுகளோடு புதர்களை வெட்டிக்கொண்டு மேலும் கீழே நடந்தார்கள். ஸ்னேவ்லி பண்ணைக்கு அருகே, உள்ளூர் உழவர்கள் பயன்படுத்திவந்த துறையை அவர்கள் கண்டு கடந்தபோது பகல் ஒரு மணி ஆகிவிட்டது. பாலம் பிடிபட்டதும் ஏறத்தாழ அதே நேரம்தான்.

காலை பத்து மணிக்கே அந்தத் துறை தெரிந்திருந்தால் பாலத்தில் அத்தனை பேர் மடிந்திருக்க வேண்டியதில்லை. துறையின் இடம் யாருக்கும் தெரியாத ரகசியமும் அல்ல. இரண்டு நாட்களாக அந்தக் கரையில் முகாமிட்டிருந்த படை, அக்கம்பக்கத்து உழவர் ஒருவரைக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். பொறியாளர்கள் வரைபடத்தில் காட்டிய இடத்தைப் பர்ன்சைடோ அவருடைய அதிகாரிகளோ நேரில் போய்ச் சோதிக்கவில்லை.

இதற்குப் பின்னால் தலைமையின் சிக்கலும் இருந்தது. போருக்குச் சில நாட்கள் முன்புவரை பர்ன்சைடு இரண்டு படையணிகளின் மேல் தலைவராக இருந்தார். மெக்கெல்லன் அவற்றில் ஒன்றைப் பிரித்துக் களத்தின் மறுகோடிக்கு அனுப்பிவிட்டார். மனம் கசந்த பர்ன்சைடு தன் பதவியை விட்டுக்கொடுக்காமல், ஒன்பதாம் படையணியின் நேரடிப் பொறுப்பை ஜேக்கப் காக்ஸிடம் விட்டு, ஆணைகளை அவருக்குக் கைமாற்றிக்கொண்டிருந்தார். இப்படி ஒரே வேலைக்கு இரண்டு தலைவர்கள் இருந்தார்கள். கரையோடு நடந்து பார்க்க வேண்டியது தன் வேலை என்று இருவரில் எவரும் கருதவில்லை. பர்ன்சைடின் பிழை அறிவுக்குறைவு அல்ல, நிலத்தைக் காலால் அறியாமல் போனது. அந்தப் பிழையில் மெக்கெல்லனுக்கும் சரிபாதிப் பங்கு உண்டு.

இரண்டு மணி நேரத்தின் விலை

பாலம் கைக்கு வந்த பிறகும் படை உடனே முன்னேறவில்லை. தோட்டா தீர்ந்த ரெஜிமென்ட்களுக்குப் பதில் வேறு ஆட்கள் வர வேண்டும். அத்தனை பேரும் அந்தப் பன்னிரண்டு அடிப் பாலத்தின் வழியாகத்தான் வர வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குத்தான் ஷார்ப்ஸ்பர்க்கை நோக்கி அணி நகர்ந்தது. லீயின் வலப்பக்கம் நொறுங்கத் தொடங்கியது. வடக்கு வீரர்களில் சிலர் ஊரின் விளிம்புவரை போய்விட்டார்கள்.

அந்த நேரத்தில் தென்படையின் ஏ. பி. ஹில், ஹார்ப்பர்ஸ் ஃபெரியிலிருந்து 17 மைல் நடையாக வந்து, பொட்டலர் துறையில் பொட்டோமாக்கைக் கடந்து, ராட்மனின் இடப்பக்கத்தில் மோதினார். அந்த முனையில் நின்றது 16ஆம் கனெக்டிகட். படையில் சேர்க்கப்பட்டு மூன்று வாரங்களே ஆன ரெஜிமென்ட். உயரமாக வளர்ந்த சோளத்துக்கு நடுவே நின்ற அவர்களுக்கு எதிரே வருபவர் யார் என்றே தெரியவில்லை. ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் கைப்பற்றிய நீலச் சீருடைகளைத் தென்படையினர் சிலர் அணிந்திருந்ததால் குழப்பம் கூடியது. ரெஜிமென்ட் சிதறியது. ராட்மன் மார்பில் குண்டு பாய்ந்து விழுந்து, அந்த மாதக் கடைசியில் இறந்தார். ஒன்பதாம் படையணி பாலத்தருகே திரும்பிவந்தது.

மறுநாள் இரு படைகளும் எதிரெதிரே நின்றன. அன்றிரவு லீ பொட்டலர் துறை வழியாகவே தப்பினார். தனக்கு இருந்த ஒரே துறையை லீ அறிந்து வைத்திருந்தார். வடக்குத் தளபதிகள் தங்களுக்கு வேண்டிய துறையைப் பிற்பகலில்தான் கண்டார்கள்.

காட்டை நம்பலாமா?

நிலத்தைச் சான்றாகப் படிக்கிறவர் ஓர் எச்சரிக்கையை மறக்கக்கூடாது. இன்றைய காடு 1862இன் காடு அல்ல. அன்று இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் உழவர் நிலம். மரங்கள் நின்ற தோப்புகளிலும் மாடும் பன்றியும் மேய்ந்ததால் கீழ்ச்செடிகள் குறைவு, பார்வை தூரம் ஓடும். விறகுக்கும் வேலிக்கும் மரம் வெட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. கரையோரச் சரிவுகளில் மரங்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் இன்று பாதையை மூடி நிற்கும் அடர்த்தி பிற்காலத்தது. போருக்குப் பிறகு வெட்டி அழிக்கப்பட்ட மேற்குக் காட்டைப் பூங்கா நிர்வாகம் மீண்டும் மரம் நட்டு வளர்த்துவருகிறது. ஆக, இங்கே காடும் வயலும் இருக்கும் இடத்தைத் தீர்மானிப்பதில் இயற்கையோடு வரலாற்று ஆய்வுக்கும் பங்கு உண்டு.

மாறாமல் இருப்பவை பாறையும் ஆறும். இந்தப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புக்கல் நிலம். மழைநீரில் ஏற்றத்தாழ்வாகக் கரைந்து, தரையில் மடிப்பு மடிப்பாக மேடுகளையும் பள்ளங்களையும் உண்டாக்கியிருக்கிறது. ஒரு மடிப்பில் நிற்கும் ரெஜிமென்ட்டை அடுத்த மடிப்பில் இருப்பவர் பார்க்க முடியாது. பாதையின் கடைசிப் பகுதி மேட்டில் ஏறி வயலுக்குள் நுழையும்போது இது கண்ணுக்குத் தெரியும். பத்தடி ஏறினால் ஷார்ப்ஸ்பர்க்கின் மேடு தெரிகிறது, பத்தடி இறங்கினால் வானம் மட்டுமே. கனெக்டிகட் இளைஞர்கள் ஏன் எதிரியைப் பார்க்காமல் மாட்டிக்கொண்டார்கள் என்பதை எந்த வரைபடமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

பாலத்தின் கிழக்குக் கோடியில் ஒரு சிகமோர் மரம் நிற்கிறது. போர் முடிந்த சில நாட்களில் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த பாலத்தின் புகைப்படத்தில் அது ஒல்லியான இளமரமாகத் தெரிகிறது. இன்று அடிமரம் பருத்து, கிளைகள் பாலத்துக்கு மேலாகப் படர்ந்திருக்கின்றன. 1966வரை வண்டிகள் ஓடிய பாலத்தைப் போக்குவரத்திலிருந்து விடுவித்துப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவந்ததுபோல், இந்த மரத்தையும் சாட்சி மரம் என்று பெயரிட்டுக் காத்துவருகிறார்கள். கார்ட்னர் எடுத்த சடலங்களின் படங்களை அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் மாத்யூ பிரேடியின் கூடத்தில் மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். அமெரிக்கப் பொதுமக்கள் தங்கள் போரின் பிணங்களைப் புகைப்படமாகக் கண்டது அதுவே முதல் தடவை.

பாதையில் பெயர் இல்லாதவர்கள்

பாதை நெடுகிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ரெஜிமென்ட்களின் நினைவுக்கற்கள் நிற்கின்றன. பாலத்துக்கு அருகே பெரிதாக நிற்பது வில்லியம் மெக்கின்லியின் நினைவுச்சின்னம். 23ஆம் ஒஹையோ ரெஜிமென்ட்டில் பத்தொன்பது வயது உணவு வழங்கல் சார்ஜென்ட்டாக இருந்த அவர், குண்டுகளுக்கு நடுவே வீரர்களுக்குச் சூடான காபியும் உணவும் கொண்டுபோனார். பின்னாளில் நாட்டின் அதிபரானார். அவருக்குக் கல் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே வயலில் உழைத்த ஒருவரை இங்கே நடப்பவர்கள் அறிய வேண்டும்.

பாலத்துக்கு மேலே உள்ள ஓட்டோ பண்ணையில் ஹிலரி வாட்சன் என்னும் கறுப்பினத்தவர் அடிமையாக இருந்தார். போர் அவர் உழுத நிலத்தின் வழியாகவே போனது. முதுமையில் அவர் சொன்ன நினைவுகள், கிளிஃப்டன் ஜான்சன் 1915இல் வெளியிட்ட நூலில் அச்சாகியிருக்கின்றன. இந்தப் போருக்கு ஐந்து நாட்கள் கழித்து, செப்டம்பர் 22 அன்று, ஆபிரகாம் லிங்கன் அடிமை விடுதலையின் முன்னறிவிப்புப் பிரகடனத்தை வெளியிட்டார். லீ பின்வாங்கியதை ஒரு வெற்றியாகக் காட்ட முடிந்ததால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது. ஆன்டீட்டத்தின் வரலாற்று மதிப்பே அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரகடனம் கலகம் செய்த மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்தும். மேரிலாந்து வடக்கோடு நின்ற அடிமை மாநிலம். ஆகவே 1863 ஜனவரி 1 அன்று பிரகடனம் நடைமுறைக்கு வந்தபோதும், அதற்கு வழிவகுத்த இந்த மண்ணில் இருந்த அடிமைகள் சட்டப்படி அடிமைகளாகவே இருந்தார்கள். 1864 நவம்பர் 1 அன்று மேரிலாந்தின் புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகே அவர்கள் விடுதலை பெற்றார்கள்.

விடுதலை பெற்றவர்கள் 1866இல் ஷார்ப்ஸ்பர்க்கில் டோல்சன் சேப்பல் என்ற சிறிய மரத் தேவாலயத்தைத் தாங்களே எழுப்பினார்கள். 1868இல் அதிலேயே கறுப்பினக் குழந்தைகளுக்கான பள்ளியும் தொடங்கியது. அந்தச் சிறு கட்டடம் இன்றும் இருக்கிறது. ஊரின் இன்னொரு பக்கம் தேசியக் கல்லறையில் 4,776 வடக்கு வீரர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் 1,836 பேரின் பெயர் தெரியாது. தென்படையினரை அங்கே சேர்க்கவில்லை, அவர்கள் ஹேகர்ஸ்டவுன் போன்ற வேறு ஊர்களில் கிடக்கிறார்கள். போர் எதற்காக நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, கல்லறையைப் போலவே சேப்பலும் பார்க்கப்பட வேண்டிய இடம்.

நிலத்தைக் காப்பது எதற்கு

போர்க்களத்தை வெறும் வீரக்கதையின் மேடையாகக் காப்பதென்றால் பாலமும் சிலைகளும் போதும். கரையோரக் காடும், யாரும் படமெடுக்காத துறையும், வெறும் வயலும் தேவையில்லை. ஆனால் ஒரு தவறான முடிவு எப்படி எடுக்கப்பட்டது, அதை யார் உயிரால் கட்டினார்கள் என்று அறிய வேண்டுமானால், அந்த முடிவு தவறவிட்ட நிலமும் அப்படியே இருந்தாக வேண்டும். மனை போட்டு விற்றுவிட்ட நிலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. ஆன்டீட்டத்தை 1890இலேயே அரசுப் பாதுகாப்பில் கொண்டுவந்தவர்கள், பிற்காலத்தில் பக்கத்துப் பண்ணைகளையும் சேர்த்துக் காத்தவர்கள் ஆகியோருக்கு வரலாற்று மாணவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள். முதலில் ஸ்னேவ்லி துறைவரை நடங்கள், கரையின் உயரத்தைப் பாருங்கள், மேடேறி ஓட்டோ வயலைக் கடந்து வாருங்கள். பாலத்தைக் கடைசியாகப் பாருங்கள். ஊரைவிட்டுக் கிளம்புமுன் டோல்சன் சேப்பலின் வாசல்வரையாவது போய்வாருங்கள்.